பழைய லீனியரைத் திறக்கும் முன்

திருப்பதி–சித்தூர் சாலையில் உள்ள காதங்கி வளிமண்டல ஆய்வு ரேடாரில் முன்பு 32 வால்வு டிரான்ஸ்மிட்டர்கள். இப்போது 1024 சாலிட்-ஸ்டேட் மாட்யூல்கள். ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) எல்லோருக்கும் அந்த வசதி ஏது? பலரிடம் இருப்பது ஹீத்கிட் எஸ்பி-220 மாதிரிப் பழைய வால்வு லீனியர் ஆம்ப்ளிஃபயர்தான்.

உள்ளே ஏறக்குறைய 3000 வோல்ட். பிளக்கையே பிடுங்குங்கள். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதென்று கையை விடாதீர்கள், மீட்டரே பழுதாகியிருக்கலாம். பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் அப்படியே நிற்கும். ஒரு முனையைச் சேசிஸில் கட்டிய ரெசிஸ்டரை, இன்சுலேஷன் உள்ள நீளக் குச்சியால் ஹை-வோல்டேஜ் முனையில் வைத்து டிஸ்சார்ஜ் செய்த பிறகே தொட வேண்டும்.

எட்டு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் தொடராக இருப்பவை. ஒன்று போனாலும் எட்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வோல்டேஜ் சமமாகப் பிரியாது. கூடவே பிளீடர்களையும்.

ஃபேனில் தூசி துடைத்து, மெஷின் ஆயில் ஓரிரு சொட்டு. நம்மூர் சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் 3-500இசட் வால்வின் பின்களில் ஈயப்பற்று உருகிவிடும்.

இன்னொன்று: எஸ்பி-220-இன் ரிலே லைனில் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். புது ரேடியோவை நேரடியாக மாட்டினால் ரேடியோவின் கீயிங் சர்க்யூட் போய்விடும். நடுவே ஒரு சின்ன கீயிங் போர்டு போடுங்கள்.