‘போகி’: ஒரு சொல்லும் ஓர் அளவுகோலும்

எட்டாம் வகுப்பில் ‘போகி என்றால் என்ன?’ என்று கேட்டால் இரண்டு விடைகள் வரும். பொங்கலுக்கு முந்தைய நாள் என்பார்கள் சிலர். ரயில் பெட்டி என்பார்கள் சிலர். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு போகி உண்டு. அது கோல்ஃப் விளையாட்டுச் சொல். சொற்களின் பொருள் காலப்போக்கில் மாறுவதை விளக்க, ஆங்கில ஆசிரியரான நான் இச்சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

கோல்ஃபில் பந்தைக் குறைந்த அடிகளில் குழிக்குள் சேர்ப்பவரே வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும் பெரும்பாலும் 3, 4 அல்லது 5 அடிகள் என ஓர் அளவு உண்டு. அதன் பெயர் ‘பார்’. அதைவிட ஓர் அடி குறைந்தால் ‘பேர்டி’. ஓர் அடி கூடினால் ‘போகி’.

ஆனால் தொடக்கத்தில் போகி என்பது குறையைச் சொல்லும் சொல் அல்ல. 1890-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி கோல்ஃப் மன்றத்தைச் சேர்ந்த ஹியூ ராதரம், நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டார். எதிரே ஆள் இல்லாமலேயே அந்தக் கணக்கோடு போட்டியிடலாம். கிரேட் யார்மத் மன்றத்தில் இம்முறையில் ஆடிய வெல்மன் என்பவர், கண்ணுக்குத் தெரியாத இந்த எதிராளி சரியான பூச்சாண்டி என்று சலித்துக்கொண்டாராம். பூச்சாண்டியைப் பற்றிய பாட்டு ஒன்று அப்போது அங்கே பிரபலம். பூச்சாண்டிக்கான ஆங்கிலச் சொல்லே போகி. இப்படி, நல்ல ஆட்டக்காரரின் கணக்குக்கு அப்பெயர் நிலைத்தது.

பிறகு பந்தும் மட்டையும் மேம்பட்டன. தேர்ந்த ஆட்டக்காரரை அளவாகக் கொண்ட ‘பார்’ முறையை 1911-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வரையறுத்தது. பல குழிகளில் போகி கணக்கு, பாரைவிட ஓர் அடி கூடுதலாக இருந்தது. அதனால் அச்சொல்லின் பொருளே ‘ஓர் அடி கூடுதல்’ என்றாகிவிட்டது. ஒரு குழியை 5 அடிகளில் முடித்தவர் அன்று பாராட்டப்பட்டார்; அதே 5 அடிகள் பின்னாளில் குறையாயின.

இந்த இடத்தில் மாணவர்களைத் தமிழுக்கு அழைத்துச் செல்லலாம். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இதுபோல் பொருள் மாறிய சொற்களைக் குழுவாகத் தேடித் தொகுக்கச் சொல்லலாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்த ஏற்ற செயல்பாடு இது.

நமக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கோல்ஃபில் ‘ஹேண்டிகேப்’ என்ற ஏற்பாடு உண்டு. அவரவர் திறனுக்கேற்ப அடிகளைக் கழித்துக் கணக்கிடுவதால், புதியவரும் தேர்ந்தவரும் ஒன்றாகப் போட்டியிட முடிகிறது. ஜூனில் எழுத்துக்கூட்டி வாசித்த குழந்தை டிசம்பரில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்தால், வகுப்பின் அளவுகோலில் அது இன்னும் பின்தங்கிய நிலையாக இருக்கலாம். அக்குழந்தையின் ஜூன் மாத நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். மதிப்பெண் பதிவேட்டில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் குறித்து வைப்போம். பெற்றோர் கூட்டத்தில் இரண்டையும் சொல்வோம்.