கடை கம்ப்யூட்டரில் தமிழ், நம்ம போனில் கிறுக்கலா? எழுத்துரு, உரிமம்: தெரிஞ்சுக்க வேண்டியவை

மணிமுத்தாறில் ஒரு மகளிர் குழு குடிநீர் இணைப்புக்கு மனு தயார் பண்ணுதுன்னு வச்சுக்கோங்க. அம்பாசமுத்திரத்தில் ஒரு டிடிபி சென்டரில் டைப் பண்ணி, ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கிட்டாங்க. கடை கம்ப்யூட்டரில் பளிச்சுன்னு தமிழ். உங்க போனில் திறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கிறுக்கல். பெயரும் முகவரியும் சரியான்னு படிச்சுப் பார்க்காமலே கையெழுத்து போட வேண்டிய நிலை. அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறிப்போனாலும், திருத்தம் கேட்டு அலையப்போறது நாமதான்.

தப்பு உங்க போனில் இல்லை.

ஏன் இப்படி ஆகுது?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. 'த' இருப்பது 'ஜே'யின் இடத்தில், 'ம' இருப்பது 'கே'யின் இடத்தில். அதனால் பாமினியில் 'தமிழ்' என்று அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் தெரியும்.

யூனிகோடு, அதாவது ஒருங்குறி, அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். 'த'வுக்கு 2980, 'ம'வுக்கு 2990. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், லினக்ஸ் எதில் திறந்தாலும் 'த' 'த'வாகவே இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. ஆனாலும் பழகிய விரல்களும் பழைய ஃபைல்களும் இன்னும் பாமினியை விட்டபாடில்லை.

உரிமம் எங்கே வருது?

"அந்த எழுத்துருவை நம்ம போனில் ஏத்திட்டா போச்சு"ன்னு தோணும். இங்கேதான் கவனம் வேணும். எழுத்துருவும் உரிமத்தோடு வரும் பொருள்தான். விண்டோஸுடன் வரும் லதா எழுத்துருவில் கடிதம் அடிக்கலாம், அச்சிடலாம். அந்த எழுத்துரு ஃபைலையே நகலெடுத்து இன்னொருவர் கருவிக்குக் கொடுக்க அனுமதி கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கு என்பதாலேயே பங்கிடலாம் என்று ஆகாது.

நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. எத்தனை கருவியிலும் நிறுவலாம், பிறருக்குக் கொடுக்கலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

மென்பொருளுக்கும் இதே கதைதான். திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க வழி உண்டு. லாபநோக்கமோ தொழில்நோக்கமோ இல்லாவிட்டால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, ரூ.50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். 

நீங்க செய்ய வேண்டியவை

1. டைப் பண்ணும் முன்பே "யூனிகோடில் அடிங்கண்ணே" என்று கேளுங்க.

2. ஃபைலில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க. தமிழாகவே வந்தால் அது யூனிகோடு.

3. பழைய எழுத்துருவில் அடித்தாச்சா? பிடிஎஃப் ஆக வாங்குங்க. எழுத்துரு உள்ளே பதிந்திருந்தால் போனில் படிக்கலாம். ஆனால் அதில் தேடவோ நகலெடுக்கவோ முடியாது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் அதைத் தமிழாகப் படிக்காது.

4. கடையில் விண்டோஸ் இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். மாற்றியபின் பெயர், ஊர், தேதியை ஒருமுறை வாசிங்க.

5. ஆதார் எண் உள்ள மனுவை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றி மாற்றாதீங்க. எழுத்துருவுக்காகத் தெரியாத ஏபிகே ஃபைலையும் நிறுவாதீங்க.

செயலி உருவாக்கும் தம்பி, தங்கைகளுக்கு

பயனரின் போனில் எந்த எழுத்துரு இருக்கும்னு நம்பி இருக்காதீங்க. திறந்த உரிம எழுத்துருவைச் செயலியோடு சேர்த்து, அதன் உரிம வாசகத்தையும் கூடவே வையுங்க. தரவைச் சேமிப்பது யூனிகோடில் மட்டும். 'கொ', 'ஸ்ரீ' போன்றவை உடையாமல் வருதான்னு விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு போனிலும் பாருங்க. எந்தக் கருவியைச் சேர்த்தாலும் மூணு கேள்வி: தொழிலுக்குப் பயன்படுத்தலாமா? எத்தனை கருவியில்? பிறருக்குக் கொடுக்கலாமா?

அடுத்த முறை மனு வாட்ஸ்அப்பில் வந்ததும், காசு கொடுக்கும் முன்பே கடை வாசலில் நின்று போனில் திறந்து படிங்க. படிக்க முடிஞ்சா மட்டும் கையெழுத்து போடுங்க.