லாபம், ரெண்டு, மூணு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஏழு வீடியோக்களையும் பார்த்துவிட்டேன். அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிற நம்மூர்ப் பையன்களுக்காக, போன் கேமராவை வைத்துத் தண்டாலும் பஸ்கியும் எண்ணுகிற செயலியை நீயே எழுதியிருக்கிறாய் என்பதில் எனக்குப் பெருமைதான். “இருபது எடுத்தவனுக்கு இருபத்திமூணு காட்டுது காக்கா, மாடலை மாத்தணுமா?” என்று கேட்டிருந்தாய். மாற்றாதே. மாடல் ஒழுங்காகத்தான் பார்க்கிறது.

மூன்றாவது வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார். சிவப்பு பனியன் பையன் பதினாலாவது பஸ்கியில் கீழே இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறான். தொடை நடுங்குகிறது. முட்டிக் கோணம் 88, 91, 89, 92 என்று ஆடுகிறது. 90-இல் நீ ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறாய். அவன் நடுங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறான், உன் செயலியும் ஒன்று ஏற்றிவிடுகிறது. ஒன்றுக்கு இரண்டு கோடு போடு. 90-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டான், 160-க்கு மேலே வந்தால் ஏறிவிட்டான். இறங்கி ஏறினால்தான் ஒன்று. நடுவில் என்ன ஆடினாலும் கண்டுகொள்ளாதே. அந்த மூன்று உபரியும் போய்விடும்.

இவ்வளவுதான் என்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். கடிதம் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. அந்த 90-ஐ நீ எங்கிருந்து எடுத்தாய்?

நம்மூர் கடைமடை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் விளைச்சல். என் வாப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலைக் கொட்டும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். “லாபம்...” என்று இழுப்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. சின்னப் பிள்ளையில் அந்த லாபத்தைக் கேட்கவே களத்துக்கு ஓடுவேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அதற்கு முன்னால் நடந்த பேச்சுதான் விசேஷமாகத் தெரிகிறது. குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா? குவித்தால் வாங்குகிறவருக்குக் கூடும், தட்டினால் கொடுக்கிறவருக்கு மிஞ்சும். அதைப் பேசி முடிக்கிற வரைக்கும் மரக்கால் நெல்லுக்குள் இறங்காது. நீ பேசி முடிக்காமலே அளக்க ஆரம்பித்துவிட்டாய்.

பையன்கள் பீம் என்கிறார்களே, அந்தக் கம்பியில் தொங்கி ஏறுவதை எடுத்துக்கொள். அக்னிவீர் உடல் தகுதித் தேர்வில் பத்து பீம் எடுத்தால் 40 மதிப்பெண், ஒன்பதுக்கு 33, ஆறுக்கு 16. பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏழு மதிப்பெண் போகிறது. தாடை கம்பிக்கு மேலே வந்ததா, இறங்கும்போது முழங்கை நிமிர்ந்ததா என்று கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பார்க்கிறார், அரைகுறையாக இருந்தால் எண்ண மாட்டார். உன் செயலி பத்து என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பையனுக்கு அங்கே போய் ஏழு என்று ஆனால், அந்தக் கணக்கு அவனுக்குத் தேர்வன்றைக்குத்தான் தெரியவரும்.

அதனால் லேப்டாப்பை மூடி வை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெரியவர் யாராவது பக்கத்தில் இருப்பார். ஒரு பி.டி. சாரையும் சேர்த்துக்கொள். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து இருநூறு பஸ்கி, இருநூறு பீம் போட்டுக் காட்டு. ஒவ்வொன்றுக்கும் செல்லும், செல்லாது என்று சொல்லச் சொல்லி நோட்டில் எழுது. இருவரும் ஒத்துப்போகிற இடத்தில் உன் கோடு தானாக விழும். ஒத்துப்போகாத இடங்களைத்தான் நீ நாள்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனைக்காக, முட்டி அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் வீட்டில் செய்கிற பயிற்சியை எண்ணும் செயலி எழுதினேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு அம்மாவின் சீட்டில் 60 டிகிரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் அப்படியே 60 என்று போட்டுவிட்டேன். அவர்கள் கணக்கில் நேராக நீட்டிய கால் 0, அங்கிருந்து எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார்கள். நாம் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றுக்கும் நடுவிலுள்ள கோணத்தை எடுக்கிறோம், நமக்கு நேரான கால் 180. அவருடைய 60 எனக்கு 120 ஆகியிருக்க வேண்டும். அந்த அம்மா இரண்டு நாள் மடக்கி மடக்கிப் பார்த்திருக்கிறார். சரியாக மடங்கினால் அடிக்க வேண்டிய டிங் சத்தமே வரவில்லை. ‘நான்தான் சரியா செய்யல போல’ என்று இன்னும் அழுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் வீங்கிய முட்டியோடு வந்து நின்றார். என்மேல் கோபப்படக்கூட இல்லை, போனுக்குத் தன்னைச் சரியாகத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். அன்றிலிருந்து யார் எண் கொடுத்தாலும் எங்கிருந்து எங்கே அளந்தது என்று கேட்காமல் வாங்குவதில்லை.

டிங் சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீ அதைக் கீழே இறங்கும்போது வைத்திருக்கிறாய். மேலே ஏறி முடித்ததும் அடிக்கும்படி மாற்று. கீழே அடித்தால் பையன் சத்தம் கேட்ட இடத்திலேயே திரும்பிவிடுவான், ஒரு வாரத்தில் உன் 90-தான் அவனுடைய பஸ்கியாகிவிடும். எண்ணுகிற கருவி மனிதரை இப்படித்தான் பழக்கும். 1965-இல் ஜப்பானில் ஒரு நடை எண்ணும் கருவியை விற்றார்கள், மன்போ-கேய் என்று பெயர், பத்தாயிரம் அடி அளப்பான் என்று பொருள். ஒரு கருவிக்கு வைத்த பெயர் அது. இன்றைக்கும் உலகமே பத்தாயிரம் அடி நடந்தாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

இனி கேமரா விஷயம். நீ பயன்படுத்துவது கூகுள் 2020-இல் வெளியிட்ட பிளேஸ்போஸ் மாடல். உடம்பில் 33 புள்ளி வைக்கிறது, தொழுத பிறகு நாம் விரலில் எண்ணுகிற அதே 33. அது ஆளைத் தேடும்போது முதலில் முகத்தைத்தான் தேடும். பிடித்துவிட்டால், முந்தின காட்சியின் புள்ளிகளை வைத்தே பின்தொடரும். பையன் தரையில் குப்புறக் கிடந்தபடி தண்டாலைத் தொடங்கினால் முகம் தெரியாமல் திணறுவது அதனால்தான். கேமராவைப் பார்த்து இரண்டு விநாடி நின்றுவிட்டு இறங்கச் சொல். போனைப் பக்கவாட்டில் வை, எதிரே வைத்தால் முட்டி மடங்குவது சரியாகத் தெரியாது. வெயிலில் செங்கல்மேல் சாத்தாதே. போன் சூடேறினால் விநாடிக்கு எடுக்கிற காட்சிகள் குறையும், வேகமாக எடுக்கிறவனுடைய தண்டால் சில காணாமல் போகலாம்.

கைலிதான் பெரிய தொல்லை. ஐந்தாவது வீடியோவில் கைலியை இறக்கிவிட்டபடி பஸ்கி எடுக்கிறவருக்கு முட்டி எங்கே என்று போன் ஊகித்துக்கொண்டிருக்கிறது. உன் உம்மாவுக்குச் சுகர், நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சிக்கு வைத்துப் பார்த்தேன், எண்ணவே இல்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கும் தளர்ந்த உடைதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியோடும் அது எவ்வளவு தெரிகிறது என்று ஒரு மதிப்பும் வரும். அது குறைந்தால் எண்ணாதே, ‘கால் தெரியவில்லை’ என்று சொல்லவை. உம்மாவுக்கு முட்டியை விட்டுவிட்டுத் தோளின் ஏற்ற இறக்கத்தை எண்ணிப் பார். ஒன்று மட்டும் கண்டிப்பு. வீட்டுக்குள் பெண்கள் செய்வதைப் படமாகச் சேமிக்கவோ எங்கேயும் அனுப்பவோ கூடாது. கணக்கு போனுக்குள்ளேயே நடக்கட்டும், எண் மட்டும் மிஞ்சட்டும்.

என்ன பயிற்சி என்று பெயரே சொல்லாமல், திரும்பத் திரும்ப வருகிற எதையும் எண்ணுகிற ரெப்நெட் என்று ஒன்றும் அதே 2020-இல் கூகுளில் செய்தார்கள். உலக்கை குத்துவதைக் காட்டினாலும் எண்ணும். ஆசைப்படாதே. பத்து அரைப் பஸ்கி அதற்குப் பத்துதான். உன் செயலி மட்டும் என்னவாம்! போன வாரம் மேசைமேல் ஓடவிட்டு மறந்துவிட்டேன், நான் அஸர் தொழுததை நாலு பஸ்கி என்று எழுதி வைத்திருந்தது.

வருகிற வெள்ளி ஊருக்கு வருகிறேன். ஜும்ஆ முடிந்ததும் மைதானத்தில் பார்க்கலாம், நோட்டோடு வா. இருநூறு பஸ்கியில் கொஞ்சத்தை என்னை வைத்து எடுத்துக்கொள். கைலி கட்டிக்கொண்டுதான் வருவேன், ஏழுக்கு மேல் என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன் காக்கா