ஒரே எஞ்சின், இரு கார்கள்: குடும்பத்திற்கு டீசல் கார் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெருஞ்செலவு பெரும்பாலும் கார்தான். வீட்டின் மதிப்பு காலப்போக்கில் உயரக்கூடும். காரின் மதிப்போ காட்சிக்கூடத்தை விட்டு வெளியேறும் நாளிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது. ஆயினும், வீடு வாங்குவதற்குப் பல மாதங்கள் ஆராயும் குடும்பங்கள், காரை ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிவு செய்துவிடுகின்றன. காட்சிக்கூடத்தில் எழும் முதல் வினா ‘எந்த வண்ணம்?’ என்பது, கடைசி வினா ‘மாதத் தவணை எவ்வளவு?’ என்பது. இவ்விரண்டிற்கும் இடையே கேட்கப்பட வேண்டிய வினாக்களை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டில் நடுத்தர அளவு டீசல் கார் வாங்க விரும்பியோர் பெரிதும் ஒப்பிட்டுப் பார்த்த இரு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2024 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டா. மற்றொன்று, 2023 ஜூலையில் புதுப்பிக்கப்பட்ட கியா செல்டோஸ்.

இரண்டிற்கும் பொதுவானவை

ஹூண்டாய், கியா ஆகிய இரண்டும் ஒரே தொழிற்குழுமத்தைச் சேர்ந்தவை. எனவே இவ்விரு கார்களின் டீசல் எஞ்சினும் ஒன்றே: 1493 கன செ.மீ. கொள்ளளவு, 116 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இரண்டிலும் ஆறு வேகக் கையியக்கக் கியரும், ஆறு வேகத் தானியங்கிக் கியரும் கிடைக்கின்றன. 2024ஆம் ஆண்டு வடிவங்களில் சக்கர இடைவெளி இரண்டிற்கும் 2610 மி.மீ. எரிபொருள் தொட்டி இரண்டிலும் 50 லிட்டர். ஆறு காற்றுப்பைகள் இரண்டிலும் எல்லா வகைகளுக்கும் உண்டு.

1493 என்ற எண்ணிற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. 1500 கன செ.மீ.க்கு மேற்பட்ட எஞ்சினும், நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், உயர்ந்த தரை இடைவெளியும் கொண்ட கார்களுக்கு, 2025 செப்டம்பர் வரை 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யுடன் 22 விழுக்காடு இழப்பீட்டு வரியும் சேர்ந்தது. எஞ்சின் 1500க்குள் அடங்கினால் அக்கூடுதல் வரி 17 விழுக்காடாகக் குறைந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே எல்லைக்கோடுதான். புதிய காருக்குக் கட்டாயமான மூன்றாண்டுக் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம், 1000 முதல் 1500 கன செ.மீ. வரை ரூ.10,640, அதற்கு மேல் ரூ.24,596. இதைவிடப் பெரிய எஞ்சினை விரும்புவோர் இவ்வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஒன்றாக இருக்கும்போது, ‘எது நன்றாக இழுக்கும்?’ என்ற விவாதத்திற்குப் பயன் குறைவு. அதற்கு முன்பாக விடை காண வேண்டிய வினா வேறொன்று.

முதல் வினா: டீசல் தேவைதானா?

2024 ஜனவரியில் கிரெட்டாவின் தொடக்க வகை, பெட்ரோலில் ஏறத்தாழ ரூ.11 லட்சத்திற்கும் டீசலில் ஏறத்தாழ ரூ.12.45 லட்சத்திற்கும் அறிமுகமானது. காட்சிக்கூட விலையிலேயே வேறுபாடு ரூ.1.45 லட்சம். சாலை வரி, காப்பீடு ஆகியவற்றால் கூடும் தொகையாக ரூ.25,000 சேர்த்து, டீசலுக்காக நாம் தரும் கூடுதல் விலை ரூ.1.70 லட்சம் எனக் கொள்வோம்.

இத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும்? பெட்ரோல் லிட்டர் ரூ.101, டீசல் ரூ.92 என்றும், நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் கார் 17 கி.மீ. தருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு ரூ.7.77 செலவாகிறது, டீசல் காருக்கு ரூ.5.41. சேமிப்பு ரூ.2.36. கூடுதல் விலையான ரூ.1.70 லட்சத்தை இச்சேமிப்பால் வகுத்தால், ஏறத்தாழ 72,000 கி.மீ. ஓடிய பின்னரே டீசல் கார் தன் கூடுதல் விலையை மீட்டுத் தருகிறது.

ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்திற்கு இதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகும். 12,000 கி.மீ. ஓட்டுவோருக்கு ஆறு ஆண்டுகள். 20,000 கி.மீ. ஓட்டுவோருக்கு மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்றே மேல். கூடுதல் விலையையும் கடனாகப் பெற்றிருந்தால், அதன் வட்டி இக்காலத்தை மேலும் நீட்டும். உங்கள் ஊர் விலையையும் உங்கள் ஓட்டத்தையும் இட்டு இக்கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம். பழைய காரின் சர்வீஸ் ரசீதுகளில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டர் எண்களே உங்கள் ஆண்டு ஓட்டத்திற்குச் சரியான சான்று. நினைவிலிருந்து சொல்லும் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

பணக்கணக்கிற்கு அப்பால் டீசலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இதே கார்களின் 1.5 லிட்டர் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் தரும் முறுக்குவிசை 144 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஐவரும் பெட்டிகளும் நிறைந்து மலைப்பாதை ஏறும்போது 250க்கும் 144க்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். அத்தகைய பயணம் ஆண்டில் எத்தனை முறை அமைகிறது என்பதே கேள்வி.

இரண்டாம் வினா: ஓட்டம் எப்படிப்பட்டது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளின் விளைவாக, இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி அமைந்துள்ளது. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் இவ்வடிகட்டி, நிறையும் நிலையில் அக்கரியைத் தானே எரித்துச் சாம்பலாக்கிக் கொள்கிறது. அதற்குப் புகையின் வெப்பம் 600 பாகை செல்சியஸ் அளவிற்கு உயர வேண்டும். நெடுஞ்சாலையில் தடையின்றிச் சிறிது நேரம் ஓடினால் இது இயல்பாக நிகழும்.

காலையில் பள்ளிக்கு இரண்டு கி.மீ., மாலையில் கடைத்தெருவிற்கு மூன்று கி.மீ. என்று மட்டும் ஓடும் காரில் அவ்வெப்பம் எட்டப்படுவதில்லை. வடிகட்டி அடைபடுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, எஞ்சினின் ஆற்றல் குறைகிறது. அதன்பின் பணிமனையை நாட வேண்டியதுதான். எனவே குறுந்தொலைவு ஓட்டமே மிகுதியாக உள்ள குடும்பம், எரிபொருள் செலவு குறையும் என்று எண்ணி டீசலை வாங்கினால், அச்சேமிப்பைப் பழுதுச் செலவில் இழக்க நேரிடும்.

மூன்றாம் வினா: எந்த ஊரில் ஓடப்போகிறது?

தில்லி தேசியத் தலைநகர் மண்டலத்தில் பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடுவதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதனை நிலைநிறுத்தியது. பெட்ரோல் வாகனங்களுக்கு இவ்வரம்பு பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. தில்லி மட்டுமன்றி, குருகிராம், நொய்டா, காசியாபாத், ஃபரிதாபாத் ஆகியவையும் இம்மண்டலத்தில் அடங்கும்.

இட மாற்றத்திற்கு உட்பட்ட பணியில் இருப்போர் இதனை மறவாதிருத்தல் நலம். இன்று நாக்பூரிலோ கோயம்புத்தூரிலோ பதிவு செய்யும் காரை, ஆறு ஆண்டுகள் கழித்துத் தில்லிக்குக் கொண்டு செல்ல நேர்ந்தால், அப்போது அங்கே நடைமுறையில் உள்ள வயது வரம்பு அதன் எஞ்சிய ஆயுளைக் குறைக்கக்கூடும்.

நான்காம் வினா: இரண்டினுள் எது?

மேற்கண்ட மூன்று வினாக்களையும் கடந்து டீசலே பொருத்தம் என்று தெளிந்தவர்கள் இப்போது இரு கார்களையும் ஒப்பிடலாம். நீளத்தில் 2023இல் புதுப்பிக்கப்பட்ட செல்டோஸ் 4365 மி.மீ.; கிரெட்டா 4330 மி.மீ. சக்கர இடைவெளி சமமாக இருப்பதால், இந்த 35 மி.மீ. அமரும் இடமாக மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. புதுப்பிக்கப்படுவதற்கு முன்னிருந்த வடிவங்கள் இரண்டும், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரங்களே பெற்றன. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையும் நடைபெறுகிறது. வாங்கும் நாளில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வகைக்கு அச்சோதனையின் முடிவு வெளிவந்துள்ளதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

தாளில் காணும் எண்கள் இவ்வளவு நெருங்கியிருக்கும்போது, முடிவு செய்ய வேண்டியது ஓட்டிப் பார்க்கும் அனுபவம்தான். இரு கார்களையும் ஒரே நாளில், ஒரே பாதையில், முழுக் குடும்பத்துடன் ஓட்டிப் பாருங்கள். பின்னிருக்கையில் மூவர் அமரட்டும். வீட்டு முதியவர் பிடிப்பின்றி ஏறி இறங்க முடிகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் அன்றாடம் செல்லும் குண்டும் குழியுமான தெருவிலேயே ஓட்டுங்கள். வீட்டிலிருந்து எந்த நிறுவனத்தின் பணிமனை அருகில் உள்ளது என்பதையும் கணக்கிடுங்கள். பத்தாண்டுகளில் குறைந்தது பத்து முறை அங்கே செல்ல வேண்டியிருக்கும்.

பின்னர், ஒத்த வசதிகள் கொண்ட வகைகளுக்குச் சாலைக்கு வரும் மொத்த விலையைப் பிரித்தெழுதிய பட்டியலாகப் பெறுங்கள். ரூ.10 லட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் ஒரு விழுக்காடு டி.சி.எஸ். வசூலிப்பார். இது கூடுதல் செலவன்று. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள்.

ஐந்தாம் வினா: கடன் எத்தனை ஆண்டுகளுக்கு?

ரூ.12 லட்சம் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு எனக் கொள்வோம். ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை ரூ.24,910; மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.2.95 லட்சம். ஏழாண்டுக் கடனுக்குத் தவணை ரூ.19,307 ஆகக் குறைகிறது. வட்டி ஏறத்தாழ ரூ.4.22 லட்சமாக உயர்கிறது. மாதம் ரூ.5,600 குறைவாகச் செலுத்துவதற்கு நாம் தரும் விலை ரூ.1.27 லட்சம்.

இதைவிடக் கவனத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகள் முடிந்ததும் ஐந்தாண்டுக் கடனில் ரூ.5.45 லட்சமும், ஏழாண்டுக் கடனில் ரூ.7.76 லட்சமும் நிலுவையில் இருக்கும். காட்சிக்கூட விலை ரூ.14 லட்சமாக இருந்த காருக்கு, நான்காம் ஆண்டில் 40 விழுக்காடு தேய்மானம் கழித்து, காப்பீட்டு மதிப்பு ரூ.8.40 லட்சம் அளவில் அமையும். அவ்வாண்டில் கார் களவு போனாலோ முழுதும் சேதமடைந்தாலோ, கடனைத் தீர்த்த பின் ஐந்தாண்டுக் கடன் பெற்றவரின் கையில் ஏறத்தாழ ரூ.2.95 லட்சம் எஞ்சும். ஏழாண்டுக் கடன் பெற்றவருக்கு எஞ்சுவது ரூ.64,000 மட்டுமே. அடுத்த காருக்கான முன்பணம் ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை.

மேலும், இரு நிறுவனங்களும் தரும் அடிப்படை உத்தரவாதம் மூன்று ஆண்டுகளே. ஏழாண்டுக் கடன் பெற்றவர் நான்கு ஆண்டுகள் தவணையையும் பழுதுச் செலவையும் ஒருங்கே தாங்க வேண்டும். ஐந்தாண்டுத் தவணை இயலாதது எனத் தோன்றினால், கடன் காலத்தை நீட்டுவதற்கு முன் ஒரு படி குறைந்த வகையைக் கருதிப் பாருங்கள். கடன் தீர்ந்தபின் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் பெற்று, பதிவுச் சான்றிதழிலுள்ள அடமானக் குறிப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்கிக்கொள்ளவும் மறவாதீர்கள்.

பயிற்சி

காட்சிக்கூடம் செல்லும் முன் ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதுங்கள்: கடந்த ஓராண்டில் ஓட்டிய கிலோமீட்டர், வாரத்தில் எத்தனை முறை அரை மணி நேரம் தடையின்றி ஓட்டுகிறீர்கள் என்பது, அடுத்த பத்தாண்டுகளில் வாழக்கூடிய ஊர்கள், அருகிலுள்ள இரு பணிமனைகளின் தொலைவு, ஐந்தாண்டுகளுக்குச் செலுத்த இயலும் மாதத் தவணை. முதல் மூன்று விடைகள் எரிபொருளைத் தீர்மானிக்கும். நான்காவது, கிரெட்டாவா செல்டோஸா என்பதற்குத் துணை செய்யும். ஐந்தாவது, எந்த வகையில் நின்றுகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும். வண்ணத்தைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும்.