மாந்தோப்பு ஓரத்து ஆலமரம்

அன்புள்ள வாசகருக்கு,

வடமாலபேட்டையில் உங்கள் மாந்தோப்பு வரப்பில் நிற்கும் ஆலமரம் நிழலடிக்கிறது, காடுதான் சேஷாசல மலைகளில் பத்திரமாக இருக்கிறதே, இந்த ஒற்றை மரத்தை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

ஓர் ஆலம்பழத்தைப் பிட்டுப் பாருங்கள். கொசுவைவிடச் சிறிய குளவிகள் தெரியும். ஆலம்பூக்கள் அந்த உருண்டைக்குள்தான் பூக்கின்றன. ஆலுக்கென்றே உள்ள பெண்குளவி நுனித்துளை வழியே நெருக்கிக்கொண்டு நுழையும்போது சிறகு முறிந்துவிடும். மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே செத்துப்போகும். அடுத்த தலைமுறைப் பெண்குளவிகள் மகரந்தத்தோடு வெளிவரும்போது, பிறந்த மரத்துக் காய்கள் அநேகமாக எல்லாமே முற்றியிருக்கும். ஓரிரு நாள் ஆயுளுக்குள் இளங்காய் விட்டிருக்கும் வேறோர் ஆலமரத்தை அவை கண்டுபிடித்தாக வேண்டும். அரசும் அத்தியும் உதவாது. காற்றோடு பல கிலோமீட்டர் போகும்தான். போய்ச் சேர மரம் வேண்டுமே!

ஆலமரங்கள் இப்படி ஆளுக்கொரு நேரத்தில் காய்ப்பதால், மாம்பழக் காலம் முடிந்த பிறகும் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் வௌவாலுக்கும் எங்காவது இரை கிடைக்கிறது. வேறு மரங்களின் விதைகளும் அவற்றின் எச்சத்தோடு ஊர் தாண்டுகின்றன. செம்மரத்துக்கு இந்த உதவி வேண்டாம்; அதன் சிறகுக்காய் காற்றிலேயே போய்விடும். நாவலும் வேம்பும் அப்படியல்ல.

நீங்கள் சொன்ன சேஷாசலத்தை 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு 4,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். நல்ல காரியம். ஆனால் அதற்கும் சதாசிவகோனை, நகரி மலைகளுக்கும் நடுவே கிடப்பது உங்கள் ஊர்த் தோப்புகளும் ரயில் பாதையும் சென்னை சாலையும்தான். தீவு சிறுத்து, ஒதுங்கிப்போகப் போக அதில் வாழும் உயிரின வகைகள் குறையும் என்று சூழலியல் அறிஞர்கள் மெக்ஆர்தரும் வில்சனும் 1967இல் எழுதினார்கள். வயல்வெளி சூழ்ந்த மலைக்கும் இது பெரிதும் பொருந்தும். வரப்பு மரங்கள் போகப் போக மலைகள் தீவுகளாகிக்கொண்டே வருகின்றன.

நிழல்தான் தொல்லையென்றால் தோப்புப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழியுங்கள். கழித்ததை ஐப்பசி மழையில் ஏரிக்கரையோரம் போத்தாக நடலாம். எல்லாம் ஒரே மரத்துப் போத்தாக வேண்டாம். புத்தூர்ப் பக்கத்து மரத்திலிருந்தும் ஒன்றிரண்டு வாங்கி நடுங்கள். காய்க்கும் நேரம் மாறினால்தான் குளவிக்குப் பயன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்