அடினின் இல்லாத வைரஸ்

கேள்வி: டி.என்.ஏ. என்றால் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துதான் என்று படித்திருக்கிறோம். சில வைரஸ்களில் ‘இசட்’ என்று ஓர் எழுத்து இருக்கிறதாமே? அது எங்கிருந்து வந்தது? நொதிகள் அதை எப்படிப் பிரதி எடுக்கின்றன?

பதில்: உண்மைதான். 1977-ல் சோவியத் ஆய்வாளர்கள் இதைக் கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நீலப்பச்சைப் பாசி என்ற பாக்டீரியாவைத் தாக்கும் எஸ்-2எல் என்ற வைரஸின் டி.என்.ஏ.வில் அடினின் (ஏ) மருந்துக்கும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அமினோஅடினின். இதுதான் அந்த இசட். அடினினோடு ஓர் அமினோ தொகுதி கூடுதல், அவ்வளவுதான். அதனால் எதிரே நிற்கும் தைமினோடு (டி) இரண்டுக்குப் பதில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இழைகளைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது.

அதை யார் தயாரிக்கிறார்கள் என்பது 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரைகளில்தான் தெளிவானது. பர்-இசட் என்ற வைரஸ் நொதி வேலையைத் தொடங்குகிறது. பாக்டீரியாவின் சொந்த நொதி ஒன்றே அதை முடித்தும் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெயரில் அடினின் இருந்தாலும் இசட் உருவாவது குவானின் சரக்கிலிருந்து.

இனி பிரதி எடுக்கும் கதை. விப்ரியோ என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் உட்படப் பல வைரஸ்களிடம் டிபிஓ-இசட் என்ற தனி பாலிமரேஸ், அதாவது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதி, உண்டு. எதிர் இழையில் தைமினைக் கண்டால், அடினினை விட்டு இசட்டையே அது விரும்பி எடுக்கும். இதைக் கேட்டதும் எஸ்-2எல்லிடமும் இப்படி ஒரு கெட்டிக்கார நொதி இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை! அதன் பாலிமரேஸுக்கு அடினினும் இசட்டும் ஒன்றுதான். எது கிடைத்தாலும் கோத்துவிடும். அதனால் டாட்-இசட் என்ற இன்னொரு நொதி முன்கூட்டியே புகுந்து, அடினின் மூலப்பொருளிலிருந்து மூன்று பாஸ்பேட்டையும் கழற்றிவிடுகிறது. பாஸ்பேட் போனால் அதைக் கோக்க முடியாது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத சமையல்காரர் இருக்கும் வீட்டில் உப்பு ஜாடியையே எடுத்து ஒளித்துவைப்பது மாதிரி. என்னைக் கேட்டால், இந்த வழிதான் அதிக சாமர்த்தியம்.

மூலப்பொருளை முன்கூட்டியே அழிப்பது புதிய தந்திரமும் அல்ல. ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸில் சைட்டோசினுக்குப் பதில் ஹைட்ராக்சிமீதைல் சைட்டோசின் இருப்பது 1952-லேயே தெரிந்துவிட்டது. அங்கேயும் ஒரு நொதி சைட்டோசின் மூலப்பொருளை உடைக்கிறது. இன்னொன்று அந்த மிச்சத்தையே புது எழுத்தாக மாற்றுகிறது.

கேள்வி: இத்தனை மெனக்கெடலால் வைரஸுக்கு என்ன லாபம்?

பதில்: உயிர் தப்பலாம். பாக்டீரியாக்களிடம் அந்நிய டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசை பார்த்து வெட்டும் நொதிகள் உண்டு. வரிசையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் இசட் வந்தால் பல கத்திகள் வெட்டுவதில்லை. ஆனால் பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. டி4-இன் மாற்று எழுத்தையே தேடி வெட்டும் நொதி ஈ.கோலையிடம் உண்டு. வைரஸ் அந்த எழுத்தின் மேல் குளுக்கோஸை ஒட்டிக்கொண்டது. குளுக்கோஸ் ஒட்டியதையும் வெட்டும் நொதி சில ஈ.கோலை வகைகளில் இருக்கிறது. அதை அடக்க, டி4 தன் டி.என்.ஏ.வோடு ஒரு சிறு புரதத்தையும் சேர்த்தே உள்ளே செலுத்துகிறது.