வெல்லும் முன்பே எல்லை போடுங்கள்

பொதுவாழ்வில் இறங்கும் இளைஞர்களுக்கு ஆசை இருக்க வேண்டும். ஆசையில்லாதவர் கையில் அதிகாரம் கிடைத்தாலும் ஊருக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் 'எப்படி ஜெயிப்பது?' என்று யோசிக்கிற அளவுக்கு, 'ஜெயித்தபின் எங்கே நிற்பது?' என்றும் யோசிக்க வேண்டும். நெப்போலியன் சறுக்கியது இந்த இரண்டாவது கேள்வியில்தான். அதற்குச் சரியான விடை கண்டவர்களில் ஒருவர், ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க். அவரிடம் கற்க வேண்டியதும் உண்டு, தள்ள வேண்டியதும் உண்டு.

1866 ஜூலை 3 அன்று, இன்றைய செக் நாட்டிலுள்ள கோனிக்ரேட்ஸில் பிரஷ்யப் படை ஆஸ்திரியாவை முறியடித்தது. வியன்னா வரை போகலாம், ஆஸ்திரிய நிலத்தில் ஒரு பங்கைப் பிடுங்கலாம் என்று மன்னர் முதலாம் வில்ஹெல்முக்கும் தளபதிகளுக்கும் வேகம் வந்துவிட்டது. போரை மூட்டிய பிஸ்மார்க்கே, 'போதும்' என்று குறுக்கே நின்றார். ஜூலை 26 அன்று நிகோல்ஸ்பர்கில் பூர்வாங்க உடன்பாடு, ஆகஸ்ட் 23 அன்று பிராகில் அமைதி ஒப்பந்தம். ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யா தனக்கென்று அதன் பழைய நிலத்தில் ஓர் அங்குலமும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கே ஆண்டுகளில் பிரான்ஸுடன் போர் வந்தபோது ஆஸ்திரியா நடுநிலை காத்தது. 1879இல் கூட்டாளியாகவே ஆனது.

இதிலிருந்து நீங்கள் கைக்கொள்ள வேண்டியவை ஐந்து.

1. எல்லையை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ஜெர்மன் விவகாரங்களிலிருந்து ஆஸ்திரியாவை வெளியேற்றுவதே பிஸ்மார்க்கின் இலக்கு. அது கிடைத்ததும் போருக்கான காரணம் தீர்ந்தது. இலக்கு தெளிவில்லாதவருக்கு ஒவ்வொரு வெற்றியும் அடுத்ததைக் கேட்கும்.

2. மூன்றாமவரையும் கணக்கில் சேருங்கள். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், தன் வலிமை, பகைவன் வலிமையோடு துணைவருவோரின் வலிமையையும் எடைபோடச் சொல்கிறார். போர் நீண்டால் பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் தலையிடுவார் என்பதை பிஸ்மார்க் மறக்கவில்லை. தம் படையில் காலரா பரவியதையும் அவர் கண்டார்.

3. தோற்றவருடன் நாளையும் பேச வேண்டும் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். பிரான்ஸுடனான போர் முடிந்த 1871இல் இந்தப் பாடம் மறக்கப்பட்டது. பிரான்ஸிடம் 500 கோடி பிராங்க் இழப்பீடு வாங்கியதோடு, அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் பிரஷ்யாவின் தலைமையில் ஒன்றுபட்ட ஜெர்மனி பறித்துக்கொண்டது. பணத்தை 1873க்குள் பிரான்ஸ் கட்டி முடித்தது. நிலத்தை இழந்த ஆத்திரம் 1914 வரை ஆறவில்லை.

4. உங்கள் தரப்பைச் சம்மதிக்கவைக்க ஆள் தேடிக்கொள்ளுங்கள். வென்ற களிப்பில் இருப்பவரிடம் 'போதும்' என்று சொல்வது எதிரியுடன் பேசுவதைவிடக் கடினம். மன்னரை வழிக்குக் கொண்டுவர உதவியவர் பட்டத்து இளவரசர் பிரெடரிக். அவரோ பிஸ்மார்க்கின் அரசியலையும் அந்தப் போரையும் எதிர்த்தவர். மாற்றுக் கருத்துள்ள நேர்மையாளரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கடியில் அவர் சொல்லுக்கே மதிப்பு அதிகம்.

5. நீங்கள் போனபின்பும் நிற்கும்படி கட்டுங்கள். ரஷ்யாவுடன் 1887இல் பிஸ்மார்க் செய்த ரகசிய உடன்பாடு, 1890இல் அவர் பதவி இழந்ததும் புதுப்பிக்கப்படாமல் போனது. 1894க்குள் ரஷ்யாவும் பிரான்ஸும் கைகோத்தன. ஒருவருடைய சாமர்த்தியத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு அவரோடு முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆஸ்திரியாவிடம் நிதானம் காட்டிய அதே 1866இல், பிரஷ்யா ஹனோவரையும் சுதந்திர நகரமாக இருந்த பிராங்பர்ட்டையும் மக்களைக் கேட்காமலே விழுங்கியது. திருப்பி அடிக்கும் வலிமை உள்ளவரிடம் மட்டும் காட்டும் நிதானம் வெறும் கணக்கு. வலிமையற்றவரிடமும் அதே அளவோடு நடந்துகொள்ளும்போதுதான் அது ஆட்சிக்கு அறமாகிறது. யதார்த்தம் பேசுவோர் இதைக் கடந்து போய்விடக் கூடாது.

ஆகவே அடுத்த போட்டிக்கோ பேச்சுவார்த்தைக்கோ போகுமுன் ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: எனக்கு வேண்டியது என்ன, கைக்கு எட்டினாலும் நான் தொடக் கூடாதது என்ன, முடிந்தபின் யாருடன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நீங்கள் நம்பும் ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, வெற்றி வந்த அன்றே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.